பட்டம் அறியாப் பட்டத்தார்

'பட்டம்' என்னும் தமிழ்ச்சொற்குப் பொருள் பல. கல்லூரியிற் கற்றுத் தேறியவர் தம் பெயர்க்குப் பின்னே ஒட்டிக்கொள்வதும் பட்டம். அரசர் நெற்றியிற் கட்டிக்கொண்டதும் பட்டம். சிறுவர் நூல்கட்டி வானில் விடுவதும் பட்டம். இவை யாவற்றினும் மேலாய் உழவர் வாயில் அச்சொற்கு ஒரு பொருள் உண்டு. இன்ன விதையை இன்ன பொழுதில் நிலத்தில் இடவேண்டும் என்று வரையறுத்த விதைப்புக் காலமே அவர்க்குப் பட்டம். ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என ஆண்டு முழுமையும் அவர் பட்டங்களால் அளந்தார். இன்று முதற்பொருளிற் பட்டம் பெற்றார் தெருவுக்குப் பதின்மர் உளர். உழவர் பொருளிற் பட்டம் அறிந்தார் தெருவுக்கு ஒருவரேனும் உளரா என்பது ஐயமே! பட்டம் பெற்றோம் என்று செருக்குவோர் பட்டம் இழந்தமையை உணராதிருப்பதே தமிழர்க்கு நேர்ந்துள்ள பேரிழப்பு.

இவ்விழப்பைக் கண்கூடாகக் காண விரும்புவோர் நகர்ப்புறத்துப் பொதுத்தோட்டம் ஒன்றனுள் நுழைந்து பார்ப்பாராக. பள்ளியின் ஒரு மூலையிலும், அடுக்ககங்களின் மொட்டைமாடியிலும், குப்பைமேடாய்க் கிடந்த தெருக்கோடி நிலத்திலும் பலர் கூடிப் பாத்தி கட்டிக் காய்கறி விளைக்கும் வழக்கம் இப்பொழுது பரவி வருகின்றது. தமிழக அரசு 2013-14ஆம் ஆண்டளவில் மாடித்தோட்டத் தளைகளைக் குறைந்த விலைக்கு வழங்கத் தொடங்கியது. பள்ளிதோறும் காய்கறித் தோட்டம் அமைக்க நடுவணரசு 2019இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. இவையெல்லாம் நல்லனவே, பழிக்கத்தக்கன அல்ல. நஞ்சு தெளியாத காய் உண்பதும், மண்ணைத் தொட்டறியாத நகர்ப்பிள்ளைகள் மண்ணைத் தொடுவதும், ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கியும் ஒருவர் முகம் ஒருவர் அறியாதார் ஒரு பாத்தியின் இருபுறமும் அமர்ந்து களை பறிப்பதும் எவ்வகையினும் வரவேற்கத்தக்கன.

ஆயினும் அத்தோட்டங்களுட் பல ஓராண்டைத் தாண்டுவதில்லை. முதல் மூன்று திங்கள் ஆரவாரம். பின்னர் மூன்று திங்கள் அயர்வு. அதன்பின் காய்ந்த கொடியும் வெறும் நெகிழிப் பையுமே எச்சம். கரணியம் என்ன? நீர் இல்லையா? உரம் இல்லையா? ஆள் இல்லையா? இல்லை, இல்லை! எல்லாம் இருந்தும் பட்டம் இல்லை. தோட்டத்தைத் தொடங்கும் நாளைக் குறிப்பது மழையன்று, காற்றன்று, நிலத்தின் ஈரமன்று, அழைப்பிதழே குறிக்கின்றது. கணக்காண்டு பங்குனியில் முடிகின்றது. அதற்குள் பணம் செலவானதாகக் காட்டல் வேண்டும். ஆகலின் பங்குனி வெயிலில் நாற்று நடப்பெறுகின்றது! நடுவோர் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுகின்றனர். நட்ட நாற்றுக்கு ஒதுங்க நிழல் ஏது?

இனி, நடப்பெறுவது இன்னது என்பதேனும் அவர்க்குத் தெரியுமா? அவரை ஒன்றனை எடுத்துக்கொண்டு ஆராய்க.

பந்தலிற் படரும் நம் பழைய அவரைக் கொடி, பகல் நீண்ட காலத்தில் இலையும் தண்டுமாய்த் தழைக்குமே யன்றிப் பூவாது. பகல் குறுகி இரவு நீண்ட பின்னரே அது பூங்கொத்து விடும். சென்னைப் பகுதியில் ஆனித் திங்களின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறும்பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி வேறுபாடு உண்டு. மாந்தர்க்குப் புலப்படாத அவ்வேறுபாடு அவரைக்குப் புலப்படுகின்றது. ஆடியில் ஊன்றிய விதை ஆவணிச் சாரலில் முளை வலுத்து, ஐப்பசி அடைமழைக்கு முன்னரே பந்தலேறி, மழை ஓய்ந்து பனி விழும் பொழுதிற் பூத்து, மார்கழி தொட்டு மாசி வரை கூடைகூடையாய்க் காய்க்கின்றது. அதே விதையை மாசியில் ஊன்றினால் என்னாம்? பகல் நீண்டுகொண்டே செல்லும். கொடியும் பந்தலை மூடிப் பச்சைப் பசேலென்று படர்ந்துகொண்டே செல்லும். பூ மட்டும் இராது. நட்டவர் உரத்தைக் குறைகூறுவார். விதை விற்றவனை வைவார். ஈற்றில் 'தோட்டம் நமக்கு ஒத்துவராது' என்று கைகழுவுவார். அவரை அவரை ஏமாற்றவில்லை. அவர்தாம் அவரையின் பொழுதை அறிந்திலர்!

பகலளவைக் கொண்டு பயிர் பூக்கும் இவ்வியல்பை மேலை அறிவியலார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்து ஆராய்ந்து நிறுவினர். அவர் உழைப்புப் போற்றத்தக்கதே. ஆயின், தினை கொய்த கொல்லையிற் படர்ந்த அவரை பூக்கும் காலம் பனிக்காலம் என்பதைக் குறுந்தொகையின் 82ஆம் பாட்டு இயல்பாகக் குறித்துச் செல்கின்றது. அப்பாட்டு வேளாண்மை கற்பிக்க எழுந்ததன்று. பிரிந்து சென்ற தலைவன் வாராமையை எண்ணி வருந்தும் அகப்பாட்டு. 'அவரை பூக்கும் காலம்' என்றால் எக்காலம் எனக் கேட்பார்க்கெல்லாம் தெரிந்திருந்தமையாலன்றோ காலத்தைச் சுட்ட அவரைப்பூவை எடுத்துக்கொண்டார் அப்புலவர்? அன்று காதற்பாட்டுப் பாடியவர்க்கு இருந்த பயிரறிவு, இன்று தோட்டம் போடுவார்க்கு இல்லை! தொல்காப்பியம் முல்லைக்குக் காரும் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் எனப் பொழுதையே முதற்பொருளாக வைத்தமையும் ஈண்டு எண்ணத்தக்கது. நிலமும் பொழுதும் பிரியா என்பதே தமிழர் கண்ட உண்மை.

ஈண்டுச் சிலர் ஒரு தடை எழுப்புவர். 'எக்காலத்தும் காய்க்கும் செடியவரை வகைகளை வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியுள்ளனரே. இனிப் பட்டம் எற்றுக்கு?' என்பர். உருவாக்கியது உண்மை, அது நன்முயற்சியே. ஆயின், கையிலுள்ள விதை கொடியவரையா செடியவரையா, பகலளவுக்குக் கட்டுப்பட்டதா படாததா என்று பிரித்தறிவதற்கும் பட்ட அறிவு வேண்டுமே! மேலும், பகலளவு ஒன்றே பருவமாகாது. ஐப்பசி அடைமழையில் மிளகாய், தக்காளி நாற்றங்கால் நீர்தேங்கி அழுகும். மேட்டுப்பாத்தி அமைத்தார்க்கே நாற்று மிஞ்சும். முள்ளங்கியும் கொத்துமல்லியும் கார்த்திகை மார்கழிக் குளிரில் நன்கு வரும். சித்திரை வெயிலில் கொத்துமல்லி தழைக்குமுன் பூத்துப் போம். வெள்ளரி தைமாசியில் இட்டாற் கோடையிற் பயன்படும். கொத்தவரை வெயிலைத் தாங்கும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் ஏறக்குறைய ஆண்டு முழுதும் கைகொடுக்கும். பூசணி, பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் என்பவற்றிற்கு ஆடியும் தையுமே தலையாய பட்டங்கள். இவை எந்தப் பொட்டலத்தின் மேலும் எழுதப்பட்டில. பாட்டியர் நெஞ்சில் எழுதப்பட்டிருந்தன. பாட்டியரைக் கேட்பார் இன்மையின் அவ்வேடு அழிந்து வருகின்றது.

நெஞ்சேடு அழிந்த இடத்தில் வேற்றார் ஏடு வந்து அமர்ந்துகொண்டது. வேளாண்துறைப் பதிவுகளையும் பயிர்க்காப்பீட்டுத் தாள்களையும் காண்க. அவற்றில் 'காரிப்', 'ராபி' என்று இரு சொற்கள் கொலுவிருக்கும். இவை எம்மொழிச் சொற்கள்? அரபுச் சொற்கள். முன்னது கூதிரையும் பின்னது இளவேனிலையும் குறிப்பன. மொகலாயர் ஆட்சியில் வடபுலத்து நிலவரிக் கணக்கில் அறுவடைக் காலத்தைக் கொண்டு இட்ட பெயர்கள் இவை. வடபுலத்திற்கு அவை பொருந்தலாம். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையே. தமிழ்நாடோ மேற்குமலைத் தொடரின் மழைமறைவில் உள்ளது. இதன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, கொண்டல் கொணரும் வடகிழக்குப் பருவமழையாய் அக்தோபர் முதல் திசம்பர் வரை பெய்கின்றது. மழை வேறு, காற்று வேறு, பட்டம் வேறு. பெயர் மட்டும் எங்ஙனம் ஒன்றாகும்? ஆடியில் ஊன்றி மாசி வரை பறிக்கும் அவரை எக்கட்டத்துள் அடங்கும்? குறுவை, சம்பா, தாளடி, நவரை என்று நெல்லுக்கும், ஆடி, தை, மாசி என்று காய்க்கும் பெயரிட்டு வைத்த நாட்டில், தமிழே ஆட்சிமொழி என்று 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாட்டில், தமிழுழவன் தன் பயிரின் பருவத்தை அரபுப் பெயரால் எழுதிக் கையொப்பம் இடுகின்றான்! இதனினும் இழிநிலை வேறுண்டோ?

'பெயரில் என்ன இருக்கின்றது? செடிக்கு மொழி தெரியுமா?' என்று நகையாடுவாரும் உளர். செடிக்கு மொழி தெரியாது; ஆயின் செடியைப் பேணுவார்க்கு மொழியன்றி அறிவு வாராது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி மூன்று சொற்களால் ஆனது. அம்மூன்று சொல்லையும் மறந்தவன் தென்மேற்குக் காற்றின் தணிவையும், சாரலின் அளவையும், அடைமழைக்கு முன் கொடி வலுப்பட வேண்டிய இன்றியமையாமையையும் ஒருங்கே மறந்தவன் ஆகின்றான். சொல் என்பது வெற்றோசை அன்று. முன்னோர் பட்டறிவைப் பொதிந்து வைத்த குதிர். குதிரை உடைத்தபின் கூலம் எங்கே தங்கும்?

காய்களின் பெயரை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். 'மிளகாயும் தக்காளியும் அயல்நாட்டுப் பயிர்களாயிற்றே. தூய்மை பேசுவோர் அவற்றை உண்ணலாமா?' என்று வினவுவார் தம் அறியாமையையே காட்டுகின்றார். தூய தமிழியக்கம் எந்தச் செடிக்கும் பகையன்று. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்தபொழுது, தம் மலையிலே விளையும் மிளகின் காரத்தை அக்காயிற் கண்ட தமிழர் 'மிளகாய்' என்றனர். தம் வேலியோரத்து மணத்தக்காளியொடு ஒப்புமை கண்டு அயற்கனிக்குத் 'தக்காளி' என்று பெயரிட்டனர். மண்ணுள் விளைந்த கடலை 'நிலக்கடலை' ஆயிற்று. உருண்ட கிழங்கு 'உருளைக்கிழங்கு' ஆயிற்று. பரங்கியர் கொணர்ந்த காய் 'பரங்கி' ஆகித் தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கின்றது. கல்லூரி வாயிலை மிதியாத உழவரும் உழத்தியரும் ஆக்கிய சொற்கள் இவை! எத்துணை எளிமை! எத்துணைப் பொருத்தம்! அம்மக்களின் பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றபின், கத்தரியைப் 'பிரிஞ்சால்' என்றும், வெண்டையை 'லேடீஸ் பிங்கர்' என்றும், முருங்கையை 'டிரம்ஸ்டிக்' என்றும் பாத்திமுனையிற் பலகை நடுகின்றனர். அயற்செடிக்குத் தமிழ்ப்பெயர் இட்டனர் பாட்டன்மார். தமிழ்ச்செடிக்கு அயற்பெயர் இடுகின்றனர் பேரன்மார்!

முருங்கையின் கதையே தனிக்கதை. நிலத்திணை நூலார் உலகெங்கும் அம்மரத்திற்கு வழங்கும் 'மொரிங்கா' என்னும் பெயர் 'முருங்கை' என்னும் சொல்லினின்று பிறந்தது. மேலையர் தமிழ்ச்சொல்லை எடுத்துத் தம் அறிவியற்பெயர் ஆக்கிக்கொண்டனர். தமிழரோ கொல்லையில் இலவயமாய்க் கிடைக்கும் முருங்கையிலையை விடுத்து, 'மொரிங்கா பவுடர்' என்று பொதி கட்டி வருவதைக் கடையிற் பணம் கொடுத்து வாங்குகின்றனர். தன் வீட்டுப் பிள்ளையை அயலான் பெயர் சொல்லி அழைத்தாலன்றி அடையாளம் தெரியாத பெற்றோர்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாது?

நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்து 1989இல் வெளியிட்ட செடிமுருங்கை 'பி.கே.எம். 1' ஆயிற்று, பாலூர்க் கத்தரி 'பி.எல்.ஆர். 1' ஆயிற்று; மதுரைப் புடல் 'எம்.டி.யு. 1' ஆயிற்று. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தாக்கி, அவ்வெழுத்தைத் தமிழெழுத்தில் மீண்டும் பெயர்த்தெழுதும் வேடிக்கையை என்னென்பது! 'பெரியகுளம் முருங்கை', 'பாலூர்க் கத்தரி', 'மதுரைப் புடல்' என்று வழங்கின் நா சுளுக்கிக்கொள்ளுமோ? ஊர்ப்பெயரால் காயை அழைக்கும் வழக்கம் வணிகத்திற்கும் வலிமை தருவதே. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் இராமநாதபுரத்து முண்டு மிளகாயும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. ஊரும் காயும் ஒன்றுபட்டு நின்றமையாலேயே அவ்வுரிமை வாய்த்தது.

பட்டமும் பெயரும் போனபின் மூன்றாவதாகப் போவது விதை. பளபளக்கும் பொதியிற் பெறும் ஒட்டுவிதை ஒரு தலைமுறைக்கே உரியது. அதன் காயினின்று எடுத்த விதையை மீண்டும் ஊன்றின், தாய்ச்செடியின் இயல்பு சிதறிப் பலவாறாய் வரும். ஆகலின் ஆண்டுதோறும் கடைக்குச் செல்லல் வேண்டும். பெரும்பரப்பில் விளைப்பார்க்கு மிகைவிளைவு கருதி அது வேண்டப்படலாம். பத்துப் பாத்தியுள்ள பொதுத்தோட்டத்திற்கு அஃது எற்றுக்கு? நாட்டுக்கத்தரியைப் பழுக்க விட்டு, மஞ்சள் ஆனபின் பிழிந்து கழுவிச் சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்திய அன்னையர்க்கு எந்நிறுவனம் விதை விற்றது? பூசணி விதையைச் சாணத்திற் பொதிந்து சுவரில் அறைந்து வைத்தனர். பீர்க்கை நெற்றாகவே உலரவிட்டு அடுப்படிப் புகையிலே தொங்கவிட்டனர். முளைப்பாரி எடுக்கும் விழாவிலே எவர் வீட்டு விதை எங்ஙனம் முளைக்கின்றது என்பதை ஊரே கண்டது. விதை அன்று கைம்மாறியது, விலை மாறவில்லை.

விதை உரிமை சட்டத்தாலும் காக்கப்பட்டதே. 2001ஆம் ஆண்டுப் பயிர்வகைக் காப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தாம் விளைத்த விதையைச் சேமிக்கவும், மீள விதைக்கவும், பிறரொடு மாற்றிக்கொள்ளவும், வணிகப்பெயர் இடாது விற்கவும் உரிமை தருகின்றது. மரபணு மாற்றிய கத்தரியை வணிகத்திற்கு விடாது நடுவணரசு 2010இல் நிறுத்திவைத்ததும் மக்கள் எதிர்ப்பின் பயனே. ஆயின் உரிமை ஏட்டில் இருந்து பயன் என்ன? சேமிக்க விதை வேண்டுமே! இயற்கை வேளாண்மையைப் பரப்ப ஊர்ஊராய் நடந்தார் நம்மாழ்வார் (1938–2013). மறைந்துகொண்டிருந்த நெல்வகைகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடித் திரட்டினார் நெல் செயராமன் (1968–2018). காய்கறி விதைக்கும் அத்தகையோர் ஆங்காங்கே உளர்; அவர் கையை வலுப்படுத்தப் பொதுத்தோட்டத்தினும் சிறந்த களம் வேறில்லை.

எனவே, தமிழ்நாட்டுப் பொதுத்தோட்டம் ஒவ்வொன்றும் செயத்தக்கன சில உள. முதலாவது, தொடக்க நாளை அழைப்பிதழ் குறியாது பட்டம் குறித்தல் வேண்டும். பங்குனியிற் பணம் வந்தால் அப்பணத்தால் வேலி அடைக்க, மட்குக்குழி வெட்ட, மூடாக்கிடச் சருகு திரட்ட, கோடையுழவு செய்ய. விதையை ஆடிக்கு வைத்திருக்க. இரண்டாவது, பாத்திதோறும் காயின் தமிழ்ப்பெயரும் பட்டமும் எழுதிய பலகை நிற்றல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு காயிலும் நல்லதொரு செடியை விதைக்கென்றே விட்டு, வந்த விதையைப் பங்கிட்டுக் கொள்ளல் வேண்டும். பூசணியும் சுரையும் அயற்கொடியின் பூந்தூளை எளிதில் ஏற்பன ஆகலின், விதைக்கு விடும் கொடியருகே அவ்வினத்து வேறுவகையை நடாதிருத்தல் நலம். நான்காவது, அப்பகுதியில் வாழும் முதியோரை, சிறப்பாக மூதாட்டியரை, மாதம் ஒரு முறையேனும் தோட்டத்திற்கு அழைத்து அவர் சொல்வதைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அவ்வேடே அத்தோட்டத்தின் பாடநூல்.

அரசு செய்யற்பாலதும் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டு விதைச்சட்டம் அறிவிக்கப்பட்ட வகைகளுக்கு முளைப்புத்திறன், தூய்மை ஆகியவற்றின் அளவை வரையறுத்து அடையாளச் சீட்டும் கேட்கின்றது. அச்சீட்டிற்கு அருகே தமிழ்ப்பெயரும், தமிழகத்திற்குரிய பட்டமும், மீள விதைக்கத்தக்கதா அன்றா என்னும் குறிப்பும் தெளிவான தமிழில் இருத்தல் வேண்டும் என்று தமிழக அரசு வலியுறுத்துமாயின் எவர்க்கு என்ன கேடு? வேளாண்துறைத் தாள்களினின்று 'காரிப்', 'ராபி' இரண்டையும் அகற்றி ஆடி, தை, மாசி என்று எழுதுவதற்குப் படையெடுப்பா வேண்டும்? ஒரு கையொப்பம் போதுமே!

மொழியைக் காப்பதென்பது மேடையில் முழங்குவது மட்டுமன்று. தன் மண்ணில் எப்பொழுது எவ்விதையை ஊன்றுவது என்பதைத் தன் மொழியில் தன் பிள்ளைக்குச் சொல்ல வல்லவனே மொழியைக் காத்தவன். ஆட்சி பறிபோயினும் ஒருநாள் மீட்கலாம். விதை பறிபோயின் மீட்பது அரிது. அவ்விதையைப் பேணும் சொல்லும் உடன்போயின் மீட்க வேண்டும் என்னும் நினைவே எழாது. அந்நிலை வருமுன் தமிழ்மாந்தர் விழித்தெழுவாராக!

கடகத் திங்களாகிய ஆடி ஆண்டுதோறும் தவறாது வருகின்றது. சாரலும் அதனொடு வருகின்றது. கையில் நாட்டவரை விதை நான்கும், நாவில் 'ஆடிப்பட்டம்' என்னும் சொல் ஒன்றும் உடையார் அன்று மண்ணைக் கிளறுவாராக. சுறவத் திங்கள் முதல் நாளில் பொங்கற்பானை அருகே வைக்க அவரைக்காய் அவர் பந்தலிலேயே காய்த்துத் தொங்கும். அதுவே அவர் பெற்ற பட்டம்!